நடையில் ஈரம்

போ. சீக்கிரம் போய்த் தொலை. ஆறுக்குட்டி வாயைத் திறந்து சொல்லவில்லை. சொன்னால் நாய்க்குட்டி வந்த வேலையை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்க்கும், வாலை ஆட்டும், அப்புறம் எல்லாம் முதலிலிருந்து. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். கடிப்பது கோபத்திலா குளிரிலா என்று அவருக்கே பிடிபடவில்லை. கிழக்கே மலைக்குப் பின்னால் இப்போதுதான் சாம்பல் நிறத்தில் ஒரு வெளிச்சம். வீட்டுக்குப் பின்புறம் புல் முழுக்க உப்பைக் கொட்டிப் பரப்பிய மாதிரி உறைபனி. தலைகுந்தாவில் மார்கழி பிறந்துவிட்டால் தினமும் இதே கூத்துதான். டூரிஸ்ட்காரன் இதைப் பார்ப்பதற்கென்றே விடியுமுன் காரைப் போட்டுக்கொண்டு வருகிறான், கையில் அள்ளி வைத்துக்கொண்டு போட்டோ எடுக்கிறான். ஒரு நாய்க்குட்டியை இதன்மேல் மூத்திரம் பெய்ய வைத்துப் பார்க்கட்டும், தெரியும் சேதி. குட்டி முன்னங்காலை வைத்தது, வெடுக்கென்று எடுத்தது. அடுத்த காலை வைத்தது, எடுத்தது. அடுப்புமேல் நிற்கிற மாதிரி. கறுப்பு உடம்பு, மூக்குக்கு மேலே கொஞ்சம் பழுப்பு, வயிறு மட்டும் உருண்டையாகத் தொங்கிக்கொண்டு. அந்த வயிற்றை அவர் பார்த்தார். குனிந்து பார்த்தார். உள்ளே இருக்கிறதா இல்லையா. ராத்திரி முழுக்க அடக்கி வைத்திருக்கிறதா, இல்லை வீட்டுக்குள்ளேயே காலி பண்ணிவிட்டதா. அவருக்கு இப்போது தெரிய வேண்டியது அது ஒன்றுதான். தெரிந்துகொள்ள வேண்டாம் என்றும் இருந்தது. கயிற்றைத் தளர்த்தினார். போ.

எழுந்தபோது பக்கத்தில் படுக்கை காலியாக இருந்தது. அதுவே சரியில்லை. குளிர்காலத்தில் மயிலாத்தா அவருக்கு முன்னால் எழுந்ததே கிடையாது. அவர் எழுந்து அடுப்பைப் பற்றவைத்து டீயைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் கம்பளிக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே வரும். இன்றைக்கு நடையில் லைட் எரிந்தது. எட்டிப் பார்த்தால், பாத்ரூமுக்குப் போகிற நடையில் மண்டி போட்டு உட்கார்ந்து, பழைய பனியனால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே, “உங்க நாய் பண்ணியிருக்கற வேலையப் பாருங்க” என்றாள். உங்க நாய். நேற்று ராத்திரி வரைக்கும் அது அவள் நாய். பாலைக் கையில் தொட்டுச் சூடு பார்த்து ஊற்றினவள் அவள். அவருடைய பழைய ஸ்வெட்டரின் கையை வெட்டி அதற்குச் சட்டை தைத்தவள் அவள். “ஏ கறுப்பா, ஏன்டா மூஞ்சிய அப்பிடி வெச்சிருக்கற” என்று மடியில் போட்டுக் கொஞ்சினவள். “அடுத்த தரம் உள்ள போச்சுன்னா குடுத்துர்றேன்னு நீங்கதான சொன்னீங்க? போஜன் பாலு கொண்டாருவான். அவங்கிட்டயே புடிச்சுக் குடுத்துருங்க.” சொன்னது உண்மைதான். போன வாரம் குட்டி கட்டில் காலடியில் போய் வைத்தபோது, போஜனை வைத்துக்கொண்டே சொன்னார். அவர் சொன்னால் சொன்னதுதான். பஸ் ஓட்டின காலத்திலிருந்து அப்படி. அன்றைக்கு அவள்தான் குறுக்கே விழுந்தாள், பச்சைக் குழந்தைங்க அது, அதுக்கென்ன தெரியும் என்று. இன்றைக்கு அவளே பிடித்துக் கொடுக்கச் சொல்கிறாள். முகத்தைக் காட்டாமல்.

குட்டி புல்லை மோந்தது. மோந்து, தும்மியது. சரி, மோந்தால் நல்லது, மோப்பம் பிடித்தால்தான் இடம் பிடிக்கும் என்று போஜன் சொல்லியிருக்கிறான். மேலே இருக்கிற ஹட்டி ஊர்க்காரன். நாலு மாடு, அவன் வீட்டு நாய் போட்ட குட்டிதான் இது. “டிரைவரண்ணா, இதுல ஒரு வித்தையும் இல்ல. தூங்கி எந்திரிச்சா வெளிய தூக்கிட்டு வா. சோறு தின்னா வெளிய தூக்கிட்டு வா. போச்சுன்னா தட்டிக் குடு. போகலயா, அது போற வரைக்கும் நீயும் நில்லு. கூடலூர் பஸ்ஸ அத்தன வளைவுல திருப்பின ஆளு, ஒரு குட்டிய வாசலுக்குத் திருப்ப முடியலயா?” என்று கேட்டுவிட்டுப் பால்கேன் குலுங்கச் சிரித்தான். அவனுக்குச் சிரிப்பு. அவர் வீட்டில் சாக்குப் பிரச்சினை. குளிர் உள்ளே வராமலிருக்க இந்த ஊரில் எல்லா வீட்டிலும் கதவடியில் சாக்கைச் சுருட்டி வைப்பார்கள். குட்டி வந்த அன்றைக்கே அந்தச் சாக்கில்தான் போனது. ஒரு தரம் போன இடத்துக்குத்தான் மறுபடி போகும். அதன் காலுக்குச் சாக்கின் சொரசொரப்புத்தான் கக்கூஸ் என்று ஆகிவிட்டது. வெளியே நிறுத்தினால் இது என்ன, வெள்ளையாக, குத்துகிறதே என்று பார்க்கிறது. முந்தாநாள் அவர் ஒரு காரியம் பண்ணினார். நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. பனியைக் கரைத்து வைத்தால் குட்டிக்குப் புல் தெரியுமே என்று ஒரு கெட்டில் வெந்நீரைக் கொண்டுவந்து பின்வாசலில் ஊற்றினார். ஆவி போனது, புல் பச்சையாகத் தெரிந்தது, ஆகா என்று குட்டியைத் தூக்கிவர உள்ளே போனார். வருவதற்குள் அந்த இடம் கண்ணாடி. குட்டி நாலு காலும் நாலு பக்கம் போய் மோவாய் அடிபட விழுந்தது. வாழ்நாள் பூராவும் விடியற்காலையில் பஸ் கண்ணாடியில் வெந்நீர் ஊற்றாதே, விரிசல் விடும் என்று கிளீனர் பயல்களைத் திட்டின ஆள். அன்றிலிருந்து குட்டிக்குப் பின்வாசல் என்றாலே நடுக்கம். மயிலாத்தா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். “நாயிக்குப் பாத்ரூமு கட்டறேன்னு ஸ்கேட்டிங் கட்டீட்டீங்களே.” முந்தாநாள் சிரித்தாள். இன்றைக்கு முகத்தைக் காட்ட மாட்டேன் என்கிறாள்.

சேலை. வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே. குட்டியைப் பார். குட்டி இப்போது வேலியோரம் ஒரு வட்டம் போட்டது, வட்டம் நல்ல அறிகுறி, உட்காரப் போகிறது, உட்காரவில்லை, ஒரு காய்ந்த சருகைக் கவ்விக்கொண்டு தலையை உதறியது. அடப் பீடை. சேலை. ராத்திரி அவள் செங்கல் நிறச் சேலையில் படுத்தாள். கம்பளியைப் போர்த்திவிட்டவர் அவர், முந்தானை கட்டிலுக்கு வெளியே தொங்கியதை எடுத்து உள்ளே போட்டது நினைவிருக்கிறது. நடையில் மண்டி போட்டிருந்தவள் கட்டியிருந்தது நீலம். அதனால் என்ன? துடைக்கும்போது நனைந்திருக்கும், மாற்றியிருப்பாள். நாயின் மூத்திரம் பட்டால் மாற்றத்தான் செய்வாள், சுத்தம் பார்க்கிறவள். ஆனால் துடைக்கத் தொடங்கு முன்னாலேயே மாற்றியிருந்தாளா, துடைத்துக்கொண்டிருக்கும்போதே நீலத்தில்தானே இருந்தாள், பாத்ரூமில் வாளிக்குள் ஏதோ முங்கியிருந்ததே, சிவப்பாக, மேலே சோப்பு நுரை, அடுப்புப் பற்றவைக்கவில்லை, வெந்நீர் இல்லை, இந்தக் குளிரில், அந்தத் தண்ணீரில், அவள் கை. துடைத்த கை விரல்கள் வெளிறிப்போய்ச் சுருங்கிக் கிடந்தன. ஒரு சின்னக் குட்டி அவ்வளவு போகுமா? நடையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை. போகலாம். நாய்க்கென்ன அளவா வைத்திருக்கிறது. பெட்டியில்தானே தூங்கிக்கொண்டிருந்தது என்றால், அதுவும் சாட்சியில்லை. கேரட் பெட்டி, கொஞ்சம் உயரம் குறைவு, இந்த வாரம் தானே ஏறி இறங்கப் பழகிவிட்டது. இறங்கிப் போய்விட்டு வந்து யோக்கியன் மாதிரி படுத்திருக்கும். படுத்திருக்கட்டும். நீதான்டா பண்ணினாய். நீதான் என்று இரு. “ராத்திரி அடக்கி வெச்ச குட்டின்னா காலைல ஓடை மாதிரி விடும்ணா. உள்ள போயிருச்சுன்னா நீ தலகீழா நின்னாலும் வராது.” போஜன் சொன்னது. ஆகவே இப்போது இது போகக் கூடாது. போகாவிட்டால் நடை ஈரம் நாயுடையது, மயிலாத்தாளுக்கு ஒன்றுமில்லை, ஏதோ தூக்கம் வராமல் எழுந்தாள், ஏதோ சேலை மாற்றினாள். போகாவிட்டால் குட்டி இன்றைக்குப் போஜனோடு போகும். போகட்டுமே. நாய்தானே. இத்தனை வருஷம் நாய் இல்லாமலா இருந்தார்கள். குட்டி சருகைப் போட்டுவிட்டு வந்து அவர் பூட்ஸ்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அங்கேதான் குத்தாது. அதன் சூடு ரப்பரைத் தாண்டிக் கால்விரலுக்கு வந்தது. இறங்குடா. இறங்கு. அவர் காலை உதறவில்லை.

முப்பது வருஷம் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தவருக்கு மூத்திரத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நடுவட்டம் இறக்கத்தில் மூடுபனிக்குள் லாரி கவிழ்ந்து கிடந்தால் பஸ் அப்படியே நிற்கும், மணிக்கணக்கில். ஆம்பிளைகள் பாட்டுக்கு இறங்குவான்கள், ரோட்டோரம் வரிசையாக நிற்பான்கள், பீடியும் பிடித்துக்கொண்டே. “அண்ணே, ஒரு நிமிசம் ஓரங்கட்டுண்ணே” என்று கூச்சமில்லாமல் கத்துவான்கள். பொம்பிளைகள் கேட்கவே மாட்டார்கள். கண்ணாடியில் பார்ப்பார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வெளியே பார்த்துக்கொண்டு, மூச்சுக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு. கல்யாணமான புதிதில் ஒரு தரம் மயிலாத்தாளே அவர் வண்டியில் வந்தாள், கூடலூரில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டு. மண்சரிவு. காலையிலிருந்து பொழுது சாயும் வரை வண்டி நகரவில்லை. வீட்டுக்கு வந்து இறங்கினவள் நடக்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அப்புறம் காய்ச்சல். ஏன்டி சொல்லியிருக்கலாமே, நான் உன் புருஷன்தானே ஓட்டினேன் என்றார். “அத்தன பேர் முன்னாடி எப்பிடிங்க கேக்கறது” என்றாள். கேட்பதைவிடச் செத்துப்போவது அவளுக்குச் சுலபம். அந்த ரகம். அந்த ரகத்துக்குப் போய் இது. அவள் அக்கா பொன்னாத்தா கடைசியில் அவினாசியில் பையன் வீட்டில் இருந்தாள். இரண்டு தரம் பாயை நனைத்துவிட்டாள் என்று பின்னால் மாட்டுத்தொழுவத்தை ஒட்டின அறைக்கு மாற்றினார்கள். கட்டிலில் ரப்பர் ஷீட். போய்ப் பார்த்தபோது மருமகள் வாசலிலேயே, வந்தவர் போனவர் கேட்க, “அத்தைக்கு இப்பெல்லாம் ஒண்ணுக்கு ரெண்டுக்கு எதுவும் தெரியறதில்ல” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். பொன்னாத்தாளுக்குக் காது நன்றாகக் கேட்கும். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மேட்டுப்பாளையம் தாண்டும் வரை மயிலாத்தா ஒரு வார்த்தை பேசவில்லை. தாண்டின பிறகு, “எனக்கு அப்பிடி ஒரு நெலம வந்தா மருந்து வெச்சுக் கொன்னுருங்க” என்றாள். வாயை மூடு என்றார். வேறென்ன சொல்வது. இப்போது பொங்கலுக்குக் கோகிலா வருகிறாள். பெற்ற மகள்தான், நல்லவள்தான், ஆனால் போனில் இப்பவே ஆரம்பித்தாயிற்று: அம்மாவுக்கு அந்தக் குளிரு ஆகாதுப்பா, திருப்பூருக்கு வந்துருங்க, இங்க எல்லாம் பாத்துக்கலாம். எல்லாம் என்றால் எது. கோகிலாவின் வீட்டிலும் பின்பக்கம் ஒரு அறை இருக்கிறது.

இது முதல் தரமா? யோசித்தால் போன வாரமும் சாக்கு நனைந்திருந்தது, குட்டி வெளியே போய்வந்த பின்னாலும். அதற்கு முந்தின வாரம் கட்டில் விரிப்பை நடுப்பகலில் அலசிக் காயப்போட்டிருந்தாள், வெயிலே இல்லாத அன்றைக்கு. டீயைக் கொட்டிட்டேன் என்றாள். இருக்கும், டீதான். சாக்கு நனைந்த அன்றைக்கு அவர் என்ன பண்ணினார்? ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு குட்டியை அதட்டினார். நடையில் நின்று, வீடு அதிர, வெட்கமில்லையாடா உனக்கு, வீட்டுக்குள்ளேயா போவாய், தோலை உரித்துவிடுவேன் என்றார். குட்டி காதை மடக்கிக்கொண்டு கேட்டது. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. நின்றதே. அப்போது காதில் விழவில்லை, இப்போது விழுகிறது. அவர் யாரை அதட்டினார்? ஒவ்வொரு அதட்டலும் எந்தக் காதில் போய் விழுந்தது? இல்லை, இல்லை. இன்னும் ஒன்றும் தெரியாது. குட்டி போகவில்லை, பார், இத்தனை நேரம் ஆயிற்று, போகவில்லை. இதன் வயிற்றில் ஒன்றுமில்லை. இதுதான். இந்தத் திருட்டுப் பயல்தான். நிம்மதியாக மூச்சை விட்டார், மூச்சு வெள்ளையாகப் போனது. கீழே ரோட்டில் போஜனின் பால்கேன் சத்தம் கேட்டது. வருகிறான். வரட்டும். கயிற்றோடு கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய் டீ போட வேண்டும். போகாதே. அப்படியே இரு. கொஞ்ச நேரம் அப்படியே இரு.

குட்டி பூட்ஸிலிருந்து இறங்கியது. பனியில் நாலடி வைத்தது. இந்தத் தடவை காலை எடுக்கவில்லை. மோந்தது, ஒரு வட்டம், இன்னொரு சின்ன வட்டம், பின்னங்காலை மடக்கி உட்கார்ந்தது. வேண்டாம் என்று அவர் கயிற்றைச் சுண்டப் பார்த்தார், கை அசையவில்லை. போனது. முதலில் ஒரு இழை, அப்புறம் நிற்காமல், ஓடை மாதிரி. வெள்ளைப் புல்லில் மஞ்சளாகக் குழி விழுந்து, குழி பெரிதாகி, அதற்குள்ளிருந்து பச்சைப் புல் தலைதூக்கிற்று, சுற்றிலும் ஆவி எழும்பியது. குட்டி கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நடுங்கியது. இன்னும் போனது. ஒரு ராத்திரி முழுக்க அடக்கி வைத்தது. ஒரு சொட்டுக்கூட வீட்டுக்குள் விடாமல், யோக்கியமாக, சொல்லிக் கொடுத்தபடி. முடிந்ததும் அவரை நிமிர்ந்து பார்த்தது. தட்டிக் கொடுக்க வேண்டும். போச்சுன்னா தட்டிக் குடு. அவர் குனிந்து அதன் தலையில் கையை வைத்தார், எடுக்கத் தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

“போச்சுங்களா?”

பின்வாசலில் மயிலாத்தா. நீலச் சேலைமேல் அவருடைய பழைய காக்கி ஸ்வெட்டர். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆவி இன்னும் அடங்கவில்லை, அவர் அதை மறைத்துக்கொண்டு எழுந்து நின்றார். முன்பக்கம் கேட் கிறீச்சிட்டது. “டிரைவரண்ணோ! பாலு!” போஜன் குரல். பதில் சொல்லியாக வேண்டும். போகவில்லை என்றால் குட்டி இந்த நிமிஷமே போகும், பண்ணாத தப்புக்கு. அதுவாவது பரவாயில்லை, நாய்க்கு வாய் இல்லை. ஆனால் நாளைக்கு? நாளன்றைக்கு நடையில் ஈரம் இருந்தால், நாயே இல்லாத வீட்டில், அவள் எதைச் சொல்லுவாள்? போச்சு என்றால் இந்த இடத்திலேயே, இவர் வாயாலேயே, அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அவருக்கு நீட்டி முழக்கத் தெரியாது. ஆறுதல் சொல்லத் தெரியாது. டாக்டர்கிட்ட போலாம், குளிருக்கு எல்லாருக்கும் ஆகும், இதிலென்ன என்றெல்லாம் நல்லவார்த்தை சொல்கிற வாய் இல்லை அது. கண்ணாடி பார்த்து வண்டியைத் திருப்பினதுதான் தெரியும்.

“நாயில்ல” என்றார்.

அவள் கை கதவில் இறுகியது.

“நடையில. அது நாயில்ல. நான்தான்.”

“என்னங்க?”

“எத்தன தரம் சொல்றது? நான்தான். எந்திரிச்சுப் போறதுக்குள்ள ஆயிப்போச்சு. வயசாச்சில்ல. குளிரு வேற.” குட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “சொல்றதுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. அது பாட்டுக்கு நாய்மேல போகட்டும்னு விட்டுட்டேன்.”

அவர் நிமிரவில்லை. நிமிர்ந்தால் கெட்டது. அவளுக்குத் தெரியாதா என்ன, அவளுக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்பதும் தெரியும், சோப்பு நுரையில் முங்கிக் கிடக்கிறது சேலை. நம்ப வேண்டாம். எடுத்துக்கொண்டால் போதும். எடுத்துக்கொள்ளடி. இவ்வளவு நேரம் குட்டியைப் பார்த்துப் போ, போ என்று சொன்னது போல மனசுக்குள் அவளைப் பார்த்துச் சொன்னார். எடுத்துக்கோ. பனி காலடியில் நெரிந்தது. போஜன் மறுபடி கூப்பிட்டான்.

“அந்த ஈரப் பேண்ட்டோடயா இத்தன நேரம் வெளிய நிக்கறீங்க?” என்றாள் மயிலாத்தா. குரல் எங்கோ இடறி, சரியாகி வந்தது. “அறிவிருக்கா உங்களுக்கு? ஜன்னி கண்டுரும். உள்ள வாங்க. கழட்டிப் போடுங்க, என்னோடதோட சேத்து அலசிர்றேன்.”

“ம்.”

“சொன்னா என்ன, நான் என்ன ஊரு கூட்டியா சொல்லப்போறேன்? நாப்பது வருஷம் ஆச்சு, எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன வெக்கம்?”

“ம், ம்.”

அவளைத் தாண்டி உள்ளே போனார். தோளில் தோள் உரசியது, அவள் விலகவில்லை. நடையில் தரை இன்னும் ஈரமாகத்தான் இருந்தது, பார்த்துக் கால் வைத்தார். பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்து நின்று, தன் பேண்ட்டைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்து மொடமொடவென்று இருந்தது. பனியில் நின்றதில் கீழ்ப்பக்கம் கொஞ்சம் ஜில்லென்றிருந்தது, அவ்வளவுதான். இதைக் கழற்றி எப்படி அவள் கையில் கொடுப்பது? கதவுக்கு வெளியே, முன்பக்கம், போஜன் பாலை ஊற்றும் சத்தம். “என்ன ஆத்தா, இன்னைக்கும் உள்ளயே போயிருச்சா? புடிச்சுட்டுப் போகட்டுமா?” என்று கேட்டான். “எதுக்கு?” என்றாள் மயிலாத்தா, வெடுக்கென்று. “அது என்ன பண்ணுச்சு? அது பாட்டுக்கு வெளிய போயிட்டு வந்திருக்குது, பாவம், காலெல்லாம் பனி. வாடா கறுப்பா. வா, வா, அடுப்புகிட்ட வா.” ஆறுக்குட்டி சேலை வாளிக்குப் பக்கத்திலிருந்த தண்ணீர் வாளிக்குள் மக்கை விட்டார். மேலே சிலேட்டுத் துண்டு மாதிரி மெல்லிசாக ஐஸ் பிடித்திருந்தது, அதை உடைத்து மொண்டார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். தொடைக்கு நடுவே, பேண்ட்டோடு, முழு மக்கையும் கவிழ்த்தார்.